மலையேறி மாப்பிள்ளை விசாரித்த கதை

முக்திநாதரைத் தரிசிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டேன். அது பொய். யாத்திரைக் குழுவோடு மஞ்சள் தொப்பியும் போட்டுக்கொண்டு, நேபாளத்துப் பொக்காரா நகரம்வரை பஜனை பாடிக்கொண்டு போனேன். அங்கே வைத்து முழங்கால் நோகிறது என்று படுத்துவிட்டேன். குழுத் தலைவர் நல்ல மனுசன். "அக்கா, நீங்கள் இஞ்சயே றெஸ்ட் எடுங்கோ. உங்களுக்கும் சேர்த்து நான் கும்பிட்டுக்கொண்டு வாறன்" என்றார். கடவுள் என்னை மன்னிப்பார். அந்த மனுசனை ஏமாற்றியதுதான் இன்னும் உறுத்துகிறது.

உண்மையான அலுவல் வேறு. என் மகள் ஆரணி டோஹாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். அங்கே இரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் பிரகாஷ் என்ற நேபாளப் பெடியனைக் கட்டப்போகிறேன் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்கட சம்மதம் வேணும் அம்மா. நீங்கள் மாட்டன் எண்டாலும் கட்டுவன். ஆனா அழுதுகொண்டு கட்டுவன்" என்றாள். என் கணவர், "அவள் சந்தோசமா இருந்தாக் காணும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார். அவருடைய தமக்கை, என் மச்சாள், அப்படி விடுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுத்து, "ஆக்கள் எப்பிடியெண்டு விசாரிச்சனீரே?" என்று கேட்பார்.

ஒன்றைத் திறந்து சொல்லிவிடுகிறேன். எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்தில் கலியாணப் பேச்சில் "ஆக்கள் எப்பிடி" என்றால் குணம் எப்படி என்று அர்த்தமில்லை. என்ன சாதி என்று அர்த்தம். அந்தச் சொல்லை வாயால் சொல்லாமலே ஒரு சம்பந்தத்தை முற்றாக்கவும் முறிக்கவும் எங்களுக்குத் தெரியும். மச்சாளைச் சாட்டி நான் தப்பப் பார்க்கவில்லை. எனக்கும் அதைத் தெரிந்துகொள்ளாமல் நித்திரை வரவில்லை. தெரிந்த பிறகுதான் ஓம் என்பதா, இல்லை என்பதா என்று முடிவெடுப்பதாக இருந்தேன்.

நான் கொழும்பில் இருபத்தொன்பது வருடம் கிராம உத்தியோகத்தராக இருந்தவள். சனங்களின் வாயில் ஜீ.எஸ். வதிவுச் சான்றிதழ், நற்சான்றிதழ், வாக்காளர் இடாப்பு, எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். கனடாவுக்கும் லண்டனுக்கும் மாப்பிள்ளை, பெண் பார்க்கிறவர்களும் என்னிடம்தான் வருவார்கள். குடையை மேசையில் சாய்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மிஸ், அந்தத் தொடர்மாடியில மூண்டாவது மாடி... ஆக்கள் எப்பிடி?" என்பார்கள். நானும் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குப் போனால் காட்ட நினைத்ததைத்தான் காட்டுவார்கள், கந்தோருக்குப் போனால் உள்ளது வெளியில் வரும் என்பது என் அனுபவம். ஆகவே பெடியன் வீட்டுக்குப் போகாமல், அந்த ஊர் ஜீ.எஸ்ஸிடம் நேரே போவது என்று தீர்மானித்தேன். பிரகாஷின் ஊரும் வார்ட் இலக்கமும் ஆரணி எப்போதோ பெருமையாக அனுப்பிய ஒரு பத்திரத்தில் இருந்தன.

சனிக்கிழமை பொக்காராவிலிருந்து பஸ் ஏறினேன். கண்டி வீதியில் கடுகண்ணாவை வளைவைப் பார்த்துவிட்டு மலைப்பாதை என்று கதைத்துக்கொண்டிருந்த வாய் அன்றைக்கு மூடியது. பஸ்ஸின் ஒரு பக்கச் சில்லு தாரில், மறுபக்கச் சில்லு புழுதியில். கீழே எட்டிப் பார்த்தால் ஆறு. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் ஒரு கோழியை மடியில் வைத்திருந்தாள். வளைவுகளில் அந்தக் கோழி என்னைவிட நிதானமாக இருந்தது.

அந்த ஆறு காளி கண்டகி. எங்கள் கோயில்களில் பூசையில் வைக்கும் சாளக்கிராமம் இதில்தான் எடுக்கிறார்கள். நான் ஏதோ பளிங்குபோல் ஓடும் என்று எண்ணியிருந்தேன். சீமெந்து கரைத்தது போன்ற சாம்பல் நிறம். தௌலாகிரி, அன்னபூர்ணா என்ற இரண்டு மலைத்தொகுதிகளுக்கு நடுவால் வெட்டிக்கொண்டு வருகிறது. பின்னேரம் மியாக்தி மாவட்டத்தின் தலைநகரமான பேனியில் இறங்கினேன். மியாக்தி ஆறு வந்து காளி கண்டகியில் விழும் முனையில் ஊர். இரண்டு ஆற்றின் இரைச்சலும் சேர்ந்து, ஆட்கள் எல்லாரும் கத்தித்தான் கதைக்கிறார்கள்.

தங்கிய இடத்தில் சோறு தந்தார்கள். பருப்பு, கீரை, முள்ளங்கி அச்சாறு, புளிக்கவைத்துக் காயவைத்த இலையில் ஒரு ரசம். தேங்காய் என்ற ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே தெரியாத சமையல். ஆனால் கரண்டியோடு வந்து நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையால் மறைத்தாலும் இன்னும் போடுகிறார்கள். அந்தப் பழக்கத்தில் யாழ்ப்பாணம் தோற்றுவிடும்.

கந்தோர் திங்கட்கிழமைதானே திறக்கும் என்று கேட்டேன். விடுதிக்காரர் சிரித்தார். இங்கே ஓய்வு சனிக்கிழமை. ஞாயிறு கந்தோர் உண்டாம். நிர்வாகத்தையும் அவரே இங்கிலீசில் விளக்கினார். நாடு ஏழு மாகாணம். இது கண்டகி மாகாணம். மாகாணத்துக்குக் கீழே மாவட்டம். ஆனால் அதிகாரம் இப்போது நகரசபை, ஊர்ச்சபைகளின் கையில். அதற்குக் கீழே வார்ட். மாகாணசபைத் தேர்தல் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாத நாட்டிலிருந்து போனவளுக்கு, மலை இடுக்கில் ஒரு விடுதிக்காரர் இதை ஒப்புவிப்பது அதிசயமாக இருந்தது. வார்டுக்கு யார் பொறுப்பு என்று நான் கேட்கவில்லை. ஜீ.எஸ். மாதிரி ஒரு உத்தியோகத்தர் இருப்பார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அங்கேதான் பிழைவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணி ஜீப்பைத் தவறவிட்டேன். நேபாளத்து மணி எங்களதைவிடப் பதினைந்து நிமிடம் முந்தியது. ரெலிபோன் தானாக மாறிவிட்டது, என் கைக்கடிகாரம் கொழும்பு நேரத்திலேயே நின்றது. நான் ரெலிபோனை நம்புகிறவள் அல்ல. கோதாரியில போன பதினைந்து நிமிடம் என்று திட்டிக்கொண்டு நிற்கும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அம்மா! ஏறு! சீக்கிரம்! தூங்காதே!"

திடுக்கிட்டுத் திரும்பினேன். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர், அடுத்த ஜீப்பின் சாரதி, வாயெல்லாம் சிரிப்போடு நின்றார். பெயர் தில் பகதூர். மலேசியாவில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடம் வேலை செய்தவராம். நான் ரெலிபோனில் என் கணவரோடு கதைத்ததைக் கேட்டு, தமிழ் என்று கண்டுபிடித்துவிட்டார். அவருக்குத் தமிழ் வந்தது அங்கிருந்த ஒரு தமிழ்ச் சுப்பர்வைசரிடமிருந்து. ஆகவே அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அதட்டல்.

"அம்மா, முன்னாடி ஒக்காரு. கதவை ஒழுங்கா சாத்து. ஒனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று மிக அன்பாகக் கேட்டார். என்னை நீ, வா, போ என்று கூப்பிட உலகத்தில் நாலு பேர்தான் உண்டு. முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு அவர் தன் போர்வையை மடித்து என் முழங்காலுக்குக் கீழே வைத்தார். "வலிக்குதா? வேலை செய்யாம சாக்கு சொல்லாதே" என்றார். சிரிப்பு வந்து கண்ணீர் முட்டிவிட்டது.

ஊரின் பெயரை எழுதமாட்டேன். காரணம் போகப்போகத் தெரியும். ஜீப் இரண்டு மணித்தியாலம் ஏறியது. கார்த்திகை மாதம், வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. சரிவெல்லாம் படிபடியாக வெட்டிய வயல். அதில் குரக்கன். எங்கள் குரக்கனேதான். பெண்கள் கதிர் கொய்துகொண்டிருந்தார்கள். ஒரு வளைவில் தில் பகதூர் நிறுத்தி, மேலே பார் என்றார். வெள்ளையாக முகில் என்றேன். "முகில் இல்ல அம்மா. மலை. தௌலாகிரி" என்றார். முகில் நிற்கவேண்டிய உயரத்தில் மலை நிற்கிறது. கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன். இவ்வளவு பெரிய ஒன்றின் அடியில் நின்றுகொண்டு, ஒரு பெடியனின் சாதியைக் கேட்க வந்திருக்கிறேனே என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான். ஜீப் புறப்பட்டதும் அந்த நினைப்பும் போய்விட்டது.

வார்ட் கந்தோர் தகரக் கூரை போட்ட இரண்டு அறை. வாசலில் ஒரு விறாந்தை, அதில் ஒரு வாங்கு. எந்தச் சேவைக்கு என்ன பத்திரம் வேண்டும், எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். என் கந்தோரிலும் அப்படி ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் அலுமாரியைத் தள்ளி வைத்தவள் நான்தான். பக்கத்தில் இன்னொரு பலகை. ஐந்து படங்கள், கீழே நேபாள எழுத்து. ஏதோ அரசியல்வாதிகள் என்று விட்டுவிட்டேன்.

வாங்கில் என் வயதை ஒத்த ஒரு பெண் மடியில் கோப்போடு இருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார். பையிலிருந்து தோடம்பழம் ஒன்றை எடுத்து உரித்து, பாதியை என் கையில் வைத்தார். அந்த மாவட்டமே தோடம்பழத்துக்குப் பெயர் போனதாம். நானும் சாப்பிட்டேன். நல்ல இனிப்பு. இரண்டாவது பழமும் உரித்தார். அதையும் சாப்பிட்டேன்.

உள்ளே இளம் செயலாளர் ஒருவர் மேசையில் இருந்தார். இவர்தான் ஜீ.எஸ். என்று எண்ணி, கும்பிட்டு, தில் பகதூரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். இலங்கையில் நானும் இதே உத்தியோகம் என்று அறிமுகம் செய்தேன். பிறகு வழக்கப்படி குரலைத் தாழ்த்தினேன்.

"தம்பி, இந்த வார்டில பிரகாஷ் எண்டு ஒரு பெடியன், டோஹாவில வேலை. அவையின்ர குடும்பம் எப்பிடி? ஆக்கள் எப்பிடி எண்டு கேளுங்கோ."

தில் பகதூர் விழித்தார். "ஆளு எப்படின்னா? உயரமா?"

"இல்லை. என்ன ஆக்கள்?"

"நேபாள் ஆளு."

"ஐயோ, அது எனக்குத் தெரியாதே? என்ன... என்ன சாதி?"

வாழ்க்கையிலே முதல்முறையாக அந்தச் சொல்லை ஒரு கந்தோரில் வாய்விட்டுச் சொன்னேன். அன்றைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஒரே சொல்லும் அதுதான். நேபாளத்திலும் அது ஜாதிதான். செயலாளர் பேனையைக் கீழே வைத்தார். விறாந்தையில் இருந்த பெண் எழுந்து உள்ளே வந்தார். என் முழங்கையை மெதுவாகப் பிடித்து, வெளியே கூட்டிக்கொண்டு போய், அந்த ஐந்து படங்களுக்கு முன்னால் நிறுத்தினார். கடைசிப் படத்தில் விரலை வைத்தார். படத்தில் இருந்தவரும் அவர்தான்.

படத்துக்குக் கீழே இருந்ததைச் செயலாளர் வாசிக்க, தில் பகதூர் குனிந்த தலையோடு சொன்னார். இங்கே வார்டுக்குப் பொறுப்பு நியமித்த உத்தியோகத்தர் அல்ல. சனங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த ஒரு தலைவர், நாலு உறுப்பினர். அந்த நாலில் இரண்டு பெண்கள். அந்த இரண்டில் ஒருவர் தலித் பெண்ணாக இருக்கவேண்டும் என்பது சட்டம். பலகையில் அப்படியே எழுதியிருந்தது. மாயா, உறுப்பினர், தலித் பெண்.

இனி மாயா சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன். தில் பகதூரின் தமிழில் எழுதினால் அந்த மனுசி என்னை அதட்டியது போலாகிவிடும். அவர் அதட்டவில்லை.

"இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள், அக்கா? நாங்கள் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறோமே. பிரகாஷ் என்னுடைய மகன்."

என் வாயில் இன்னும் தோடம்பழத்தின் இனிப்பு இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது.

"உங்களுக்கு என்னைத் தெரியுமோ?" என்றேன்.

"மகன் உங்கள் படம் அனுப்பியிருக்கிறான். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வராமல் ஏன் இங்கே வருகிறீர்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, பசித்திருப்பீர்கள். வாருங்கள், சாப்பிடலாம்."

கந்தோரிலிருந்து அவர் வீட்டுக்குக் கல்லுப்படி. பொக்காராவில் முழங்கால் நோ என்று பொய் சொன்னேன் அல்லவா, அந்தப் படியில் அது உண்மையாகிவிட்டது. நடுவழியில் ஒரு பெரிய வீடு, சுண்ணாம்பு அடித்து, மாடத்தில் சோளம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வீட்டு அம்மா வெளிநாட்டு விருந்தாளி என்று கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். நானும் தில் பகதூரும் உள்ளே போய் அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்தோம். பால் தேத்தண்ணீர் வந்தது. மாயாவைப் பற்றி அந்த அம்மா வாய் ஓயாமல் புகழ்ந்தார். மேல் ஊற்றிலிருந்து குழாய் போட்டு ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது மாயாதானாம். கூட்டத்தில் மாயா எழும்பினால் தலைவரே பேச்சை நிறுத்துவாராம். அப்போதுதான் கவனித்தேன். மாயா உள்ளே இல்லை.

யன்னலால் தெரிந்தார். முற்றத்து மதிலில், யாரும் சொல்லாமலே, தானாகப் போய் இருந்துவிட்டார். அவருக்கும் தேத்தண்ணீர் போனது, வெளியே. குடித்து முடித்ததும் கிளாசைத் தானே குழாயில் கழுவி, மதிலில் கவிழ்த்து வைத்தார். அந்தக் குழாயும் அவர் கொண்டுவந்த தண்ணீர்தான். இப்படி ஒதுக்குவது அந்த நாட்டில் குற்றமாம், சிறைகூட உண்டாம், தில் பகதூர் பிறகு சொன்னார்.

நான் எழும்பி வெளியே போயிருக்கலாம். போகவில்லை. சூடாக இருந்த தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்து முடித்தேன். நன்றியும் சொன்னேன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை எழுதுவதில் அர்த்தமில்லை.

மாயாவின் வீடு ஊரின் கீழ்ச்சரிவில். கணவர் இந்தியாவில் காவலாளி வேலை. முற்றத்தில் ஓர் இரும்புப் பட்டறை, துருத்தியோடு சும்மா கிடந்தது. வாசலில் நின்று அவர் ஒரு கேள்வி கேட்டார், உப்புக் காணுமா என்று கேட்பது போல. "உள்ளே இருந்து சாப்பிடுகிறீர்களா, வெளியில் பாய் போடவா? மேல் வீட்டு ஆட்கள் வந்தால் வெளியில்தான் இருப்பார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்."

"உள்ளுக்கு" என்றேன். 

குரக்கன் களி கிண்டினார். கீரை, பருப்பு, நெய். கையால் பிசையாமல் பிய்த்து, பருப்பில் தோய்த்து விழுங்கவேண்டும் என்று காட்டித் தந்தார். நான் மென்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு அரை மணித்தியாலம் எல்லாம் மறந்துபோனது. பிரகாஷ் சின்ன வயதில் படித்துப் படித்துப் பரிசு வாங்கிய கதை சொன்னார். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானையைத் தொட்டதற்கு அடி வாங்கிய கதையும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில்.

பிறகு கையைக் கழுவிவிட்டு எனக்கு எதிரே வந்து இருந்தார்.

"அக்கா, நானும் விசாரித்திருக்கிறேன். என் மகன் உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டான். அவள், எங்கள் ஊரில் இதெல்லாம் இல்லை, அம்மாவுக்கு இது ஒரு விசயமே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். உண்மையா?"

ஆரணி தெரிந்துகொண்டுதான் என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் இருந்திருக்கிறாள். என்னை நல்லவள் என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஓம் என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை அந்த இடத்திலேயே சரியாகிவிடும். இருபத்தொன்பது வருடத்தில், 'இவர் நன்னடத்தையுள்ளவர் என அறிவேன்' என்று முன்பின் தெரியாத எத்தனை பேருக்குக் கையெழுத்து வைத்திருப்பேன்! எனக்கு ஒன்று வைக்க ஏன் கை வரவில்லை என்று தெரியவில்லை. அந்த மனுசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"இருக்கு" என்றேன். "எங்களிட்டயும் இருக்கு. அதைக் கேக்கத்தான் நான் வந்தனான். கேட்டு, சரிவராட்டி மாட்டன் எண்டு சொல்லத்தான் வந்தனான்."

தில் பகதூர் இதை மொழிபெயர்க்க வெகுநேரம் எடுத்தார். அவரிடம் அதற்கு ஏற்ற தமிழும் இல்லை, நேபாளியும் இல்லை போல.

"இப்போது?" என்றார் மாயா.

"இப்ப எனக்குச் சம்மதம்."

அவர் சந்தோசப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கட்டிப் பிடிப்பார் என்றுகூட எண்ணியிருக்கலாம், அவ்வளவு மடைச்சி நான். மாயா அடுப்பில் எரிந்த கொள்ளியை வெளியே இழுத்து அணைத்தார்.

"நீங்கள் உண்மை சொன்னது நல்லது. ஆனால் எனக்கு இனிமேல்தான் யோசனை. என் மகன் அங்கே வந்தால் மதிலில் இருப்பானா, உள்ளே இருப்பானா என்று எனக்குத் தெரியவேண்டும். நீங்கள் எங்கள் ஆட்களை விசாரித்தீர்கள். நானும் உங்கள் வீட்டை விசாரிக்கவேண்டும். உங்கள் ஊரில் யாரைக் கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள்?"

யாரைச் சொல்வது? மச்சாளையா? கோயில் தர்மகர்த்தாவையா? எனக்குப் பிறகு வந்த ஜீ.எஸ்ஸையா? எல்லாரும் என்னைப் பற்றி நல்லதுதான் சொல்வார்கள். அதுதான் அந்த ஆட்களில் இருந்த குறை. மனதில் ஒரு பெயர் வந்தது. 

செல்வி. ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் குடியிருக்கிறாள். பதினொரு வருடமாக எங்கள் வீட்டைக் கூட்டித் துடைக்கிறவள். அந்தப் பதினொரு வருடத்தில் அவள் ஒருநாளும் எங்கள் கதிரையில் இருந்ததில்லை. நான் இருக்கவேண்டாம் என்று சொன்னதில்லை. இரு என்றும் சொன்னதில்லை. சமையலறைக் கதவடியில், நிலத்தில் இருந்துதான் சாப்பிடுவாள். இது எனக்கு அந்த மலை வீட்டின் அடுப்படியில்தான் முதன்முதலாகத் தெரிந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ரெலிபோனை எடுத்து, செல்வியின் நம்பரை மாயாவின் கோப்பின் ஓரத்தில் எழுதினேன். பிரகாஷ் ஆரணியிடம் தமிழ் பழகியிருக்கிறான், அவன் டோஹாவிலிருந்து லைனில் சேர்ந்து கேட்டுச் சொல்வான்.

"இவளைக் கேளுங்கோ" என்றேன்.

புறப்படும்போது மாயா ஒரு பை நிறையத் தோடம்பழம் தந்தார். சம்பந்தி அம்மாவை இங்கே சம்தினி என்பார்களாம், தில் பகதூர் ஜீப்பில் சொன்னார். மாயா என்னைக் கடைசிவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

பொக்காராவில் யாத்திரைக் குழு எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு, துளசியும் தீர்த்தமும் கொண்டுவந்து தந்தது. வாங்கிக்கொண்டேன். கொழும்பு வந்து சேர்ந்ததும் ஆரணி எடுத்தாள். "அம்மா, நீங்கள் அங்க போனது தெரியும்" என்றவள் மேலே கதைக்க முடியாமல் அழுதாள். நானும் அழுதேன். எனக்குச் சம்மதம், ஆனால் முடிவு இனி என் கையில் இல்லை என்றேன். மச்சாள் வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்.

"என்னவாம்? ஆக்கள் எப்பிடி?"

"அவை எங்களை விசாரிக்கினம் மச்சாள். இன்னும் மறுமொழி வரேல்லை."

அவர் அதற்குப் பிறகு இன்னும் எடுக்கவில்லை.

பத்து நாள் போனது. செல்வி வழக்கம்போல் வந்தாள், கூட்டினாள், போனாள். யாரும் எடுத்தார்களா என்று கேட்க வாய் வரை வரும், விழுங்கிவிடுவேன். பரீட்சை எழுதிவிட்டு மறுமொழிக்கு நிற்கிற பிள்ளை மாதிரி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். பதினோராம் நாள் ஆரணியின் குரல் வந்தது.

"அம்மா, மாயா அன்ரி தை மாதம் கொழும்புக்கு வாறாவாம். நேரில பாத்துட்டுத்தான் சொல்லுவாவாம். ஆனா எங்கட வீட்டில நிக்கமாட்டாவாம். செல்வி அக்கா வீட்டிலதான் நிப்பாவாம். ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்திட்டினம்."

ரெலிபோனை வைத்துவிட்டு விறாந்தைக்குப் போனேன். செல்வி யன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

"செல்வி, அந்த அம்மா உன்ர வீட்டுக்கு வாறாவாம்" என்றேன்.

"ஆமாங்கம்மா, வரட்டும்" என்றாள், துணியைப் பிழிந்துகொண்டே. பிறகு கொஞ்சம் தயங்கி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நம்ம வூட்ல ரெண்டு கதிரதாங்கம்மா இருக்கு. நீங்களும் வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. பக்கத்து வூட்ல கேட்டு ஒங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கிறேன்."